ஆறடிப் படுக்கை

பீர்க்கங்காயைப் பற்றி யாராவது கவிதை பாடுவார்களா? தாமரையைப் பாடுவார்கள்; மல்லிகையைப் பாடுவார்கள்; சந்திரனைப் பாடாத புலவரே கிடையாது. பீர்க்கங்காயோ கூட்டுக்கும் துவையலுக்கும் உரியது. முற்றிக் காய்ந்துவிட்டால் அதன் கூடு உடம்பு தேய்த்துக் குளிக்க உதவும். அதற்கு மேல் அதனிடம் யாரும் எதையும் எதிர்பார்ப்பதில்லை. ஆனால் ஜப்பான் தேசத்துப் பெருங்கவிஞர் ஒருவர், தம் உயிர் பிரிவதற்குச் சில மணி நேரம் முன்பாக மூன்று கவிதைகள் எழுதினார். மூன்றிலும் பீர்க்குதான் வருகிறது!

ஏன் என்பதை அறிய வேண்டுமானால் அவர் கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டும்.

மஸவோகா ஷிகி 1867-ஆம் ஆண்டில், ஷிகோகு தீவிலுள்ள மட்ஸுயாமா நகரில் பிறந்தார். தகப்பனார் சிறு வயதிலேயே காலமாகிவிட்டார். தாயார் பெயர் யயே. தங்கையின் பெயர் ரிட்ஸு. படிப்பதற்காக டோக்கியோவுக்கு வந்த ஷிகிக்கு, அந்நாட்டுக்கு அப்போது புதிதாக வந்திருந்த பேஸ்பால் ஆட்டத்தில் அளவற்ற மோகம். அப்படி ஓடியாடித் திரிந்த வாலிபர் 1889-ல், 21-வது வயதில், ரத்தம் கக்கினார். க்ஷயரோகம்! அந்நோயின் கிருமியை ராபர்ட் காக் 1882-லேயே கண்டுபிடித்துவிட்டார். ஆனால் அதைக் கொல்லும் ஸ்ட்ரெப்டோமைஸின் 1943-ல்தான் கண்டுபிடிக்கப்பட்டது. இடைப்பட்ட அறுபது ஆண்டுகளும், எதிரியின் பெயர் தெரிந்தும் கையில் ஆயுதம் இல்லாத காலம்.

ஜப்பானில் ஒரு வகைக் குயில் உண்டு. தொண்டையில் ரத்தம் வரும்வரை அது கூவும் என்பது பழைய நம்பிக்கை. அப்பறவைக்குரிய பெயர்களில் ஒன்றுதான் ஷிகி. தம் கதியைத் தாமே தெரிந்துகொண்ட அந்த வாலிபர், அதையே புனைபெயராகச் சூட்டிக்கொண்டார்.

1892-ல் ‘நிப்பொன்’ என்னும் பத்திரிகையில் வேலைக்கு அமர்ந்து, தாயையும் தங்கையையும் டோக்கியோவுக்கு அழைத்துக்கொண்டார். 1895-ல் சீனப் போர்க்களத்துக்கு நிருபராகப் போயே தீருவேன் என்று பிடிவாதம் பிடித்தார். போய்ச் சேர்ந்தபோது போர் அநேகமாக முடிந்திருந்தது. திரும்பி வரும் கப்பலில் மறுபடியும் ரத்தம் கக்கினார். நோய் முதுகெலும்பையும் பற்றிவிட்டது என்று அடுத்த ஆண்டு வைத்தியர்கள் சொன்னார்கள். அதன் பிறகு அவருடைய உலகம் நெகிஷி என்னும் பகுதியிலிருந்த ஒரு சிறு வீட்டின் ஓர் அறைக்குள் ஒடுங்கியது.

அந்த அறையைக் கொஞ்சம் கற்பனை செய்து பாருங்கள். தரையில் ஒரு படுக்கை. முதுகில் புண்கள், அவற்றிலிருந்து சீழ் வடிந்துகொண்டே இருக்கும். தினந்தோறும் கட்டு மாற்றும்போது அவர் போடும் கூச்சல் வெளியே கேட்கும். இடது காலை நீட்ட முடியாது. ஆகவே அந்த முழங்கால் நுழைவதற்கென்று பலகையில் ஒரு பகுதியை வெட்டிவிட்ட மேஜை. வெளியே ஒரு சிறு தோட்டம். அதையும் காகிதக் கதவு மறைத்துக்கொண்டிருந்தது. 1899-ஆம் ஆண்டு டிசம்பரில் அவருடைய சீடர் தகஹாமா கியோஷி அதை எடுத்துவிட்டுக் கண்ணாடிக் கதவு போட்டுக் கொடுத்தார். படுத்தபடியே தோட்டத்தைப் பார்க்க முடிந்ததும் ஷிகிக்கு உண்டான ஆனந்தத்துக்கு அளவே இல்லை.

பதினேழே அசைகள் கொண்ட ஹைக்கூ என்னும் குறுங்கவிதை அவருடைய துறை. 1916-ல் பாரதியார் ‘சுதேசமித்திர’னில் எழுதித் தமிழருக்கு எடுத்துக் காட்டினாரே, அந்தக் கவிதை வடிவந்தான். ஷிகியின் காலத்தில் அது வெறும் சொல் விளையாட்டாகத் தேய்ந்து கிடந்தது. மேனாட்டு ஓவிய முறையைப் பயின்ற நண்பர் ஒருவரிடமிருந்து ஷிகி ஓர் உண்மையைக் கற்றுக்கொண்டார். உள்ளதை உள்ளபடி பார். பார்த்ததை எழுது என்பதே அது. நடமாடுகிறவனுக்கு இது ஓர் இலக்கியக் கொள்கை. படுத்துவிட்டவனுக்கு அதுவே வாழ்க்கை முறையாகிவிட்டது. தோட்டத்துக் கோழிக்கொண்டைப் பூ எத்தனை என்று எண்ணினார். வெளியே பனி எவ்வளவு உயரம் பெய்திருக்கிறது என்று வீட்டாரை ஓயாமல் கேட்டார். எல்லாம் கவிதையாயிற்று. இப்படி அவர் எழுதிக் குவித்தவை 20,000-க்கும் மேல்.

இவ்வளவும் சொல்லி முடித்தபோது என் வகுப்பில் ஒரு பையன் எழுந்து நின்றான். “ஸார், கவிதை எழுதியதால் அவருக்கு வியாதி குறைந்ததா?” என்று கேட்டான். “இல்லை” என்றேன். “பின்னே என்ன பிரயோஜனம்?” என்றான். அவனுக்கு நெடுநாளாகப் படுக்கையில் கிடக்கும் பாட்டி ஒருத்தி உண்டு என்பது எனக்குத் தெரியும். ஆகையால், ஏதோ ஒரு நீதிமொழியைச் சொல்லி அவனை உட்காரவைக்க எனக்கு மனம் வரவில்லை.

துன்பத்தைக் கவிதை வென்றது என்று நாம் எழுதிவிடுவது சுலபம். ஷிகி அப்படி எழுதவில்லை. 1901 அக்டோபர் 13-ஆம் தேதி, தாயார் ஒரு தந்தி கொடுக்க வெளியே போயிருந்தார். தங்கையும் வீட்டில் இல்லை. வலி தாங்காமல் உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் அவரைப் பிடித்து ஆட்டியது. பக்கத்தில் ஒரு சிறு கத்தி இருந்தது. துணிவும் பயமும் நெஞ்சில் போராட, அவர் விம்மி அழுதார். தாயார் திரும்பி வந்தார். பிறகு அவர் என்ன செய்தார் தெரியுமா? நடந்ததையெல்லாம் தம் சொந்தக் குறிப்புப் புத்தகத்தில் எழுதி, அந்தக் கத்தியைப் படமாகவும் வரைந்துவைத்தார். தம்மை மருட்டிய பொருளையும், பூவைப் பார்த்ததுபோலவே, உள்ளபடி பார்த்தார்.

1902 மே மாதம் 5-ஆம் தேதி முதல் ‘ஆறடிப் படுக்கை’ என்ற தலைப்பில் ‘நிப்பொன்’ பத்திரிகையில் நாள்தோறும் எழுதத் தொடங்கினார். நோயாளிக்குச் சிரமம் வேண்டாம் என்று கருணை கொண்டு, பத்திரிகைக்காரர்கள் ஒரு நாள் அதை வெளியிடாமல் விட்டார்கள். அன்று காலையில் பத்திரிகையைப் பிரித்துப் பார்த்த ஷிகி அழுதே விட்டார்! தம் உயிர் அந்தக் கட்டுரையில்தான் இருக்கிறது என்று ஆசிரியருக்கு எழுதி மன்றாடினார். மார்பியா மருந்து வலியைச் சற்றுத் தணிக்கும் வேளையில் பூவும் பழமுமாகச் சித்திரம் தீட்டினார். அந்தத் தொடர் 127 நாட்கள் வெளிவந்தது.

இந்தக் கதையில் இன்னொருவர் இருக்கிறார். தங்கை ரிட்ஸுவைத்தான் சொல்கிறேன். சமையல், துணி துவைத்தல், கட்டு மாற்றுதல், அண்ணன் சொல்லச் சொல்ல எழுதுதல் எல்லாம் அவர் பொறுப்பு. 1901 செப்டம்பரில் ஷிகி தம் குறிப்புப் புத்தகத்தில் தங்கையைக் கடுமையாகக் குறைகூறியிருக்கிறார். பிடிவாதக்காரி, மனம் இளகாதவள் என்கிறார். ஆனால் அவள் ஒரு நாள் இல்லாவிட்டால் வீட்டுச் சக்கரமும் ஓடாது, தாமும் பிழைத்திருக்க முடியாது என்று அங்கேயே ஒப்புக்கொள்கிறார். தமக்கு மீனும் பழமும் வந்துகொண்டிருக்க, அவளோ ஒரு காய்கறியோ ஊறுகாயோ இருந்தால் போதும் என்று சாப்பாட்டை முடித்துக்கொள்கிறாள் என்பதையும் கண்டு எழுதுகிறார். தம்மைத் தாழ்த்தும் உண்மையையும் அவர் மறைக்கவில்லை.

ஷிகியின் அறைக்கு முன்னால் ஒரு பந்தலில் பீர்க்கங்கொடி படர்ந்திருந்தது. நிழலுக்கு நிழல், மருந்துக்கு மருந்து. அதன் தண்டை அறுத்து வடியும் நீரைப் புட்டியில் பிடித்துச் சளிக்குக் கொடுப்பது ஜப்பானியர் வழக்கம். செப்டம்பர் 18-ஆம் தேதி காலையில், பேசவும் சக்தியற்றிருந்த ஷிகி சைகை காட்டினார். ரிட்ஸு காகிதம் ஒட்டிய பலகையைப் பிடித்துக்கொண்டார். சீடர் ஹெகிகோதோ தூரிகையை மையில் தோய்த்துக் கையில் கொடுத்தார். ஒன்று எழுதினார், இளைப்பாறினார், இன்னொன்று எழுதினார், இருமினார், மூன்றாவதையும் எழுதிவிட்டுத் தூரிகையைப் போட்டுவிட்டார். இனி அந்த மருந்தும் தமக்குப் பயன்படாது என்பதை அறிந்து, ஒரு புன்சிரிப்போடு எழுதிய கவிதைகள் அவை. நள்ளிரவு கடந்து 19-ஆம் தேதி பிறந்ததும் ஆவி பிரிந்தது. வயது 34. அந்த நாளை ஜப்பானியர் பீர்க்கின் பெயராலேயே வழங்குகிறார்கள். அந்த வீடு 1945-ல் குண்டுவீச்சில் எரிந்து, பிறகு அதே இடத்தில் மீண்டும் கட்டப்பட்டது.

ரிட்ஸு என்ன ஆனார்? அண்ணன் இறந்தபின் பெண்களுக்கான தொழிற்பள்ளியில் சேர்ந்து படித்தார். பிறகு அங்கேயே ஆசிரியையானார்.

அந்த மாணவனுக்கு மறுநாள் பதில் சொன்னேன். “வியாதி குறையவில்லை அப்பா. ஆனால் நாளைக் காலையில் எழுந்ததும் செய்வதற்கு அவருக்கு ஒரு வேலை இருந்தது” என்றேன். அவன் சிறிது நேரம் யோசித்துவிட்டு, “பாட்டி கட்டிலிலிருந்து பார்த்தால் சுவர்தான் ஸார் தெரியும்” என்றான்.

நேயர்களே, உங்கள் வீட்டிலும் நெடுநாளாகப் படுத்திருப்பவர் யாரேனும் இருந்தால், முதல் வேலையாகக் கட்டிலை ஜன்னலோரம் நகர்த்திப் போடுங்கள். எழுத விரும்பினால் கைக்கெட்டும் தூரத்தில் காகிதமும் பென்ஸிலும் வையுங்கள். அதோடு, அந்தப் பலகையைப் பிடித்துக்கொண்டு நிற்கும் பெண் அன்று சாப்பிட்டாளா என்றும் ஒரு வார்த்தை கேளுங்கள்.