தைல வாசனை மறைவதில்லை

எலும்பு மருத்துவரின் அறைக்குள் ஐம்பது வயதுக்காரர் ஒருவர் இடுப்பைப் பிடித்தபடி நுழைகிறார். "வேற வைத்தியம் ஏதாவது பார்த்தீங்களா?" என்று மருத்துவர் கேட்க, "இல்லைங்க சார்" என்கிறார். அறை முழுக்கத் தைல வாசனை.

2020-ஆம் ஆண்டுக் கணக்குப்படி உலகில் ஏறத்தாழ 62 கோடிப் பேருக்கு இடுப்பு வலி. நம் ஊரில் அவர்களில் பலர் இரண்டு வைத்தியம் பார்ப்பவர்கள். ஒருவரிடம் பார்ப்பதை இன்னொருவரிடம் சொல்லாதவர்கள்.

நாட்டு வைத்தியரிடம் ஏன் போகிறார்கள்?

"இங்கிலீஷ் மருந்து சூடு" என்பார்கள். "ஆபரேஷன்னு சொல்லிடுவாங்க" என்ற பயமும் உண்டு. எனக்குப் பெரிதாகப் படுவது வேறு. ஆஸ்பத்திரியில் ஸ்கேனைப் பார்த்துவிட்டு இரண்டு நிமிடத்தில் சீட்டு எழுதிவிடுகிறார்கள். சித்த மருத்துவத்தில் தொக்கணம் என்னும் பிடித்துவிடும் சிகிச்சை செய்பவரோ வலிக்கும் இடத்தைத் தொட்டு, அமுக்கி, "இங்கேயா?" என்று கேட்கிறார். நொச்சி இலை ஒற்றடம் கொடுக்கும் அரை மணி நேரத்தில் வேலை, தூக்கம், வீட்டுக் கவலை எல்லாம் பேச்சில் வந்துவிடுகின்றன.

இன்னொன்றும் உண்டு. திடீரென வரும் இடுப்புப் பிடிப்பு பெரும்பாலும் சில வாரங்களில் தானாகவே அடங்கும். கடைசியாக யாரிடம் போனோமோ அவருக்கு 'கைராசிக்காரர்' என்ற பெயர் கிடைக்கும். ஊசி போட்டவருக்கும் இதே கதைதான்.

எது உதவும்?

நாள்பட்ட இடுப்பு வலிக்கு உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் வழிகாட்டுதல் வெளியிட்டது. உடற்பயிற்சியோடு மசாஜ், அக்குபங்சர், முதுகெலும்பைக் கையால் அசைத்துச் செய்யும் சிகிச்சை ஆகியவற்றையும் அது ஏற்றது. சான்றுகள் வலுவானவை அல்ல என்பதையும் மறைக்கவில்லை. வேடிக்கை என்னவென்றால், ஆஸ்பத்திரிகளில் எழுதித் தரும் இடுப்பு பெல்ட்டையும், எடை கட்டி இழுக்கும் டிராக்‌ஷனையும் வழக்கமாகச் செய்ய வேண்டாம் என்றுவிட்டது.

எங்கே ஆபத்து?

பெயரில்லாப் பொட்டலத்தில். இரண்டே நாளில் வலி பறந்தால் பொடியில் ஸ்டீராய்டு கலந்திருக்கிறதா என்று சந்தேகப்பட வேண்டும். மாதக்கணக்கில் தின்றால் சர்க்கரை ஏறும், எலும்பு தேயும். வலி மாத்திரையும் சேர்ந்தால் வயிற்றில் புண் வரலாம். எலும்பு பலவீனமான மூதாட்டியின் முதுகை அழுத்தி மிதித்தால் முறிந்தே போகலாம்.

சிறுநீர் கழிக்க முடியாமல் போவது, மலம் அடங்காமல் போவது, உட்காரும் இடம் மரத்துப்போவது, கால் வலுவிழப்பது: இவற்றில் ஒன்று வந்தாலும் அன்றே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். காய்ச்சல், காரணமில்லாத எடைக் குறைவு ஆகியவற்றோடு வரும் இடுப்பு வலியிலும், விழுந்த பிறகோ முன்பு புற்றுநோய் இருந்தவர்களுக்கோ வரும் வலியிலும் எண்ணெய் தேய்த்துக் காத்திருக்கக் கூடாது.

அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது தைலப் புட்டியையும் பொடிப் பொட்டலத்தையும் கையோடு எடுத்துப் போய் மேஜைமேல் வையுங்கள். அவர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை.