ஒரு நாடகமும் மூன்று நெறியாளரும்



எங்கள் வடமராட்சியிலே காத்தவராயன் கூத்து ஆடப்படும் இரவில், கதை அறியாதவர் எவரும் களரியைச் சுற்றி அமர்வதில்லை. காத்தான் கழுமரம் ஏறுவான் என்பது சிறுபிள்ளைக்கும் தெரியும். ஆயினும் விழித்திருக்கின்றனர். இந்த அண்ணாவியார் அதனை எவ்வாறு காட்டப்போகின்றார் என்பதே அவர்தம் ஆவல். ஒரே நாடகத்தைப் பல நெறியாளர் திரைப்படமாக்கும்பொழுதும் அவ்வாறே நோக்குதல் தகும்.

சேக்ஸ்பியர் ஏறத்தாழ 1606ஆம் ஆண்டில் இயற்றிய 'மக்பெத்' நாடகத்திலே, தளபதி ஒருவன் மனைவியின் தூண்டுதலால், தன் இல்லத்தில் விருந்தினனாகத் துயிலும் மன்னனைக் கொல்கின்றான். அக்கொலை மேடையிற் காட்டப்படுவதில்லை. ஆந்தை அலறுகின்றது, குருதி தோய்ந்த கைகளுடன் மக்பெத் வருகின்றான், பின்னர் வாயிற்கதவு தட்டப்படுகின்றது. செவிவழிப் பிறக்கும் அச்சத்தின் வலிமையை வானொலி நேயர்களுக்கு நான் எடுத்துரைக்க வேண்டுவதில்லை.

யப்பானிய நெறியாளர் அகிரா குரோசாவா 1957இல் இக்கதையைத் தம் நாட்டுப் போர்வீரர் காலத்துக்கு மாற்றினார். அப்படத்தின் பெயருக்குச் 'சிலந்திவலைக் கோட்டை' என்பது பொருள். சேக்ஸ்பியரின் வசனம் அதில் இல்லை. ஆயினும் கொலை மறைவிலேயே நிகழ்கின்றது. கணவன் ஈட்டியுடன் சென்றபின், தனித்திருக்கும் மனைவியையே காண்கின்றோம். யப்பானின் 'நோ' நாடக முகமூடி போன்றது அவள் முகம்.

1971இல் ரோமன் பொலான்ஸ்கி சேக்ஸ்பியரின் வசனத்தையே கையாண்டார். ஆனால் அவரது கமரா பள்ளியறைக்குள் நுழைந்து, மன்னன் குத்துண்டு இறப்பதைக் காட்டுகின்றது. சொல்லைக் காத்தவர் மறைவைக் காக்கவில்லை. மறைவைக் காத்தவரோ சொல்லைக் கைவிட்டார்.

2003இல் விசால் பரத்வாஜ் இந்தியில் எடுத்த 'மக்பூல்' மும்பையின் குற்றவாளிக் கும்பலொன்றின் கதையாகும். மனைவியின் இடத்திலே, கும்பல் தலைவனின் ஆசைநாயகி நிற்கின்றாள். ஆகவே பதவியாசையுடன் காதலும் கலக்கின்றது. எதிர்காலம் உரைக்கும் சூனியக்காரிகளோ சாதகம் கணிக்கும் இரு பொலிசாராகின்றனர். சட்டத்தைக் காக்க வேண்டியவரே விதியை இயக்குவோராகக் காணப்படுவது புதியதோர் அச்சமன்றோ?

படத்தை மட்டும் பார்த்த மாணவன் ஒருவன், மன்னன் மேடையிலேயே கொல்லப்படுவதாக விடை எழுதினான். பிழையெனக் கோடிட்டேன். பின்னர் அவனை அழைத்து நூலின் அப்பகுதியை உரக்க வாசிக்கச் செய்தேன். கதவு தட்டப்படும் இடம் வந்ததும் நிறுத்திவிட்டு, "சேர், இதுதான் கூடப் பயம்" என்றான். நெறியாளர் ஒருவரின் தெரிவையே அவன் நாடகமென்று எண்ணியிருந்தான்.

ஆதலின், நேயர்களே, முதலில் நாடகத்தைப் படியுங்கள். பின்னர் ஒன்றல்ல, இரண்டு படங்களையேனும் பாருங்கள்.