மீனை எண்ணாமல் அணை கட்டினார்கள்! கடல் ஏற்றத்தில் மின்சாரம் எடுத்த பிரான்சு நாட்டில் நடந்தது என்ன?

ஒரு நதியின் வாயை 3 வருடம் இறுக்கி மூடினார்கள். கடல் தண்ணீர் உள்ளே வர வழி இல்லை. உள்ளே இருந்த மீனும் நண்டும் சிப்பியும் செத்து மடிந்தன. பிறகு அதே இடத்தில், உலகமே மூக்கில் விரல் வைத்த மின்சார நிலையம் எழுந்தது!

பிரான்சு நாட்டில் 1963-ம் ஆண்டுக்கும் 1966-ம் ஆண்டுக்கும் இடையே நடந்த சம்பவம் இது. நதியின் பெயர் ரான்சு. அது கடலில் கலக்கும் இடத்தில் செயிண்ட் மாலோ என்ற துறைமுக ஊர் இருக்கிறது.

"செத்தது எவ்வளவு? எந்தெந்த ஜாதி மீன் போயிற்று?" என்று கேட்டால், இன்றைக்கும் துல்லியமாகக் கணக்குச் சொல்ல முடியாது. காரணம் ரொம்பச் சின்னது. அணை கட்டுவதற்கு முன்னால் அங்கே என்னென்ன உயிர்கள் இருந்தன என்று முறையாக எண்ணி வைக்கவில்லை.

அலை வேறு, ஏற்றம் வேறு

கடலில் மின்சாரம் என்றதும், அலையில் இருந்து எடுப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். அது வேறு, இது வேறு.

அலையைக் கிளப்புவது காற்று. காற்று அடித்தால் அலை உண்டு, அடங்கினால் இல்லை. கடல் ஏற்ற இறக்கம் அப்படி அல்ல. சந்திரனும் சூரியனும் இழுக்கிற இழுப்பில் கடல் மட்டம் ஏறுகிறது, இறங்குகிறது. ஒரு ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் ஏறக்குறைய 12 மணி 25 நிமிடம். அமாவாசை, பவுர்ணமி வந்தால் ஏற்றம் அதிகம். இதற்கு "ஓதம்" என்று பெயர். அடுத்த வருடம் எந்த நாளில், எத்தனை மணிக்கு, எவ்வளவு ஏறும் என்று இப்போதே கணக்குப் போட்டுச் சொல்லிவிடலாம்.

மழை பொய்க்கலாம். காற்று ஏமாற்றலாம். ஓதம் ஏமாற்றாது! அதனால்தான் என்ஜினீயர்களுக்கு அதன் மேல் ஒரு கண்.

ரான்சு நதியின் வாயில் கடல் சராசரியாக 8 மீட்டர் ஏறி இறங்குகிறது. பெரிய ஏற்றம் வந்தால் 13 மீட்டரைத் தாண்டும். அதாவது நாலு மாடி வீட்டு உயரம்! பல நூறு ஆண்டுகளுக்கு முன்பே அங்கு உள்ளவர்கள் இந்தத் தண்ணீரைத் தேக்கி வைத்து, அதன் வேகத்தில் மாவு அரைத்து இருக்கிறார்கள்.

டிகால் திறந்து வைத்தார்

மாவு அரைத்த தண்ணீரில் மின்சாரம் எடுக்க 1961-ம் ஆண்டு வேலை தொடங்கியது. நதியின் குறுக்கே 750 மீட்டர் நீளத்துக்கு அணை. அதன் வயிற்றுக்குள் 24 டர்பைன்கள். ஒவ்வொன்றும் 10 மெகாவாட். மொத்தம் 240 மெகாவாட். கடல் ஏறும்போது தண்ணீர் உள்ளே பாயும். இறங்கும்போது வெளியே பாயும். இரண்டு பக்கமும் டர்பைன் சுற்றும்படி அமைத்தார்கள்.

1966-ம் ஆண்டு நவம்பர் 26-ந் தேதி பிரெஞ்சு ஜனாதிபதி டிகால் நேரில் வந்து திறந்து வைத்தார். அணைக்கு மேலே செயிண்ட் மாலோவையும் எதிர்க்கரையில் உள்ள தினாரையும் இணைக்கும் ரோடு போகிறது.

நிலக்கரி வேண்டாம். எண்ணெய் வேண்டாம். புகை இல்லை, சாம்பல் இல்லை. வருடத்துக்குச் சுமார் 50 கோடி யூனிட் மின்சாரம். அரை நூற்றாண்டைத் தாண்டியும் அது ஓடிக் கொண்டு இருக்கிறது. 2011-ம் ஆண்டு வரை உலகத்தில் இதை மிஞ்சிய ஓத மின்நிலையம் கிடையாது என்பது குறிப்பிடத்தக்கது.

உள்ளே நடந்த கோரம்

இந்தப் பெருமைக்குப் பின்னால்தான் அந்த 3 வருடக் கதை இருக்கிறது.

ஓடுகிற தண்ணீரில் அணை கட்ட முடியாது. ஆகவே தற்காலிகத் தடுப்புச் சுவர்களைப் போட்டு, கடலை வெளியே நிறுத்தினார்கள். நதித் தண்ணீர் மட்டும் உள்ளே வந்து தேங்கியது. உப்பு குறைந்தது. வண்டல் படிந்தது. உப்புத் தண்ணீருக்குப் பழகிய உயிர்கள் என்ன செய்யும்? ஏறக்குறைய அத்தனையும் அழிந்தன.

1966-ல் கடலைத் திறந்து விட்டதும் உயிர்கள் ஒவ்வொன்றாகத் திரும்பின. ஒரு மட்டத்துக்கு வருவதற்குச் சுமார் 10 வருடம் ஆயிற்று. பின்னர் அங்கே சுமார் 70 வகை மீன்கள் இருப்பதாக விஞ்ஞானிகள் கண்டார்கள்.

"அப்படியானால் எல்லாம் சரியாகி விட்டதே!" என்று சொல்லலாம். அங்கேதான் சிக்கல். திரும்பி வந்த ஊர், பழைய ஊர் அல்ல.

மணலில் புதைந்து வாழும் ஒரு சின்ன மீனும், நம் ஊர் நாக்கு மீனைப் போன்ற ஒரு தட்டை மீனும் ஒழிந்தன. கொடுவா போன்ற மீனும் கணவாயும் மறுபடி வந்து சேர்ந்தன. மணல் திட்டு இருந்த பல இடங்களில் சேறு படிந்தது. அந்தச் சேற்றை வாரி வெளியே கொட்டுவது இன்றும் ஓயாத செலவு.

இன்னொரு விஷயம். அணைக்கு உள்ளே ஏற்றமும் இறக்கமும் முன்பு போல் இல்லை. கதவை எப்போது திறப்பது, எப்போது மூடுவது என்று மனிதன் முடிவு செய்கிறான். அந்த நேரம் ஒழுங்காக இருக்கிற வரையில்தான் மீன்களும் ஒழுங்காக இருக்கும். தாறுமாறாகத் திறந்து மூடினால் மறுபடி ஆட்டம் கண்டுவிடும் என்று ஆராய்ச்சியாளர்கள் எச்சரித்து இருக்கிறார்கள்.

எது தடுப்புச் சுவரால் வந்த சேதம், எது டர்பைனால் வந்த சேதம், எது தானாகவே வந்த மாறுதல்? பிரித்துச் சொல்ல வேண்டுமானால் பழைய கணக்கு வேண்டும். அது கையில் இல்லை! ஓடிய மின்சாரத்துக்கு யூனிட் யூனிட்டாகக் கணக்கு இருக்கிறது. போன மீனுக்கு இல்லை.

திமிங்கலம் மாட்டிக் கொண்டது

ரான்சில் பெரிய சேதம் அணை கட்டும்போது நடந்தது. ஓடும்போது நடக்கும் சேதத்துக்குக் கனடா நாடு உதாரணம்.

அங்கே பண்டி வளைகுடாவில் கடல் 16 மீட்டர் வரை ஏறும். உலகத்திலேயே அதிகமான ஏற்றம் அதுதான். அங்கு அன்னபொலிஸ் நதியின் குறுக்கே முன்பே ஒரு தடுப்புக் கரை இருந்தது. அதில் 20 மெகாவாட் டர்பைன் ஒன்றை வைத்து, 1984-ம் ஆண்டு மின்சாரம் எடுக்கத் தொடங்கினார்கள்.

நதியில் முட்டையிடப் போகும் மீனுக்கும் கடலுக்குத் திரும்பும் குஞ்சுக்கும் அதுதான் பாதை. டர்பைன் வழியாகப் போன மீன்கள் அடிபட்டன. 2004-ம் ஆண்டு ஒரு திமிங்கலம் கதவு வழியாக உள்ளே நுழைந்து, வெளியே போகத் தெரியாமல் பல நாள் தவித்தது. கடைசியில் தப்பித்துப் போயிற்று.

2019-ம் ஆண்டு ஜனவரியில் எந்திரம் பழுதாகி நின்றது. அதே வருடம் கனடா அரசின் மீன்வளத் துறை விஞ்ஞானிகள், மீன் சாவு கவலைக்கு உரிய அளவில் இருப்பதாக அறிக்கை கொடுத்தார்கள். நின்ற எந்திரம் மறுபடி ஓடவே இல்லை. 35 வருடம் ஓடிய பிறகு வந்த ஞானோதயம்!

கடல்நாய் வந்தால் சுவிட்சை அணை!

முன்கூட்டியே எண்ணிப் பார்த்த இடமும் உண்டு. வட அயர்லாந்தில் ஸ்டிராங்போர்டு என்ற கடற்கழி. கடல்நாய்கள் வாழும் பாதுகாக்கப்பட்ட இடம். 2008-ம் ஆண்டு அங்கே அணை கட்டாமல், நீரோட்டத்திலேயே 1.2 மெகாவாட் டர்பைனை நட்டார்கள். காற்றாலையைத் தண்ணீருக்குள் நிறுத்தியது போல ஒரு அமைப்பு.

நடுவதற்குச் சில வருடங்கள் முன்பே கடல்நாய்களை எண்ணத் தொடங்கினார்கள். நட்ட பிறகும் விடவில்லை. ஆரம்பத்தில், கடல்நாய் குறிப்பிட்ட தூரத்துக்குள் வந்தால் எந்திரத்தை நிறுத்திவிட வேண்டும் என்று கட்டளை. ஆபத்து குறைவு என்று தெரியத் தெரிய, அந்தத் தூரத்தைக் குறைத்துக் கொண்டே வந்தார்கள்.

முடிவு என்ன? பெரிய பாதிப்பு இல்லை. கடல்நாய்கள் எந்திரத்தை விட்டுச் சற்று விலகி, தங்கள் வழியே போயின. முன் கணக்கும் பின் கணக்கும் கையில் இருந்ததால் இதை நெஞ்சை நிமிர்த்திச் சொல்ல முடிந்தது. எந்திரம் தன் காலம் முடிந்து 2019-ல் அகற்றப்பட்டது.

கொரியாவில் தலைகீழ்!

ஓத மின்நிலையம் என்றாலே இயற்கைக்கு எதிரி என்று முடிவு கட்டுவதும் தவறு. தென் கொரியாவில் உள்ள ஷிவா ஏரி அதற்குச் சாட்சி.

விவசாயத்துக்கு நல்ல தண்ணீர் தேக்குவதாகச் சொல்லி, அங்கே கடலில் 12 கிலோ மீட்டருக்கு மேல் சுவர் கட்டினார்கள். 1994-ல் வேலை முடிந்தது. தொழிற்சாலைக் கழிவும் சாக்கடையும் உள்ளே தேங்க, ஏரி நாறியது. கடைசியில் நல்ல தண்ணீர் திட்டத்தையே கைவிட்டார்கள். கடல் தண்ணீரை உள்ளே விட்டார்கள். 2011-ம் ஆண்டு 254 மெகாவாட் மின்நிலையம் வந்தது. ரான்சை முந்தி, உலகத்தில் முதல் இடம்! தினமும் கடல் உள்ளே போய் வந்ததில் தண்ணீர் தெளிந்தது.

அதே தொழில்நுட்பம்தான். பிரான்சில் திறந்து கிடந்த நதியை மூடினார்கள். கொரியாவில் மூடிக் கிடந்த ஏரியைத் திறந்தார்கள். வித்தியாசம் அங்கே இருக்கிறது.

நம் நாட்டில்

சென்னைக் கடலில் ஏற்ற இறக்கம் சுமார் 1 மீட்டர்தான். இங்கே அணை கட்டிப் பயன் இல்லை. ஆனால் குஜராத்தில் காம்பே வளைகுடாவில் 11 மீட்டர் வரையும், கட்ச் வளைகுடாவில் 8 மீட்டர் வரையும் ஏறுகிறது. இந்தியாவில் 12,455 மெகாவாட் வரை எடுக்க வாய்ப்பு இருப்பதாக, சென்னை ஐ.ஐ.டி. பங்கேற்ற ஒரு ஆய்வு 2014-ல் கணக்கிட்டது.

கட்ச் வளைகுடாவில் 50 மெகாவாட் திட்டம் ஒன்று வகுக்கப்பட்டது. மதிப்பீடு ரூ.750 கோடி. வங்காளத்தில் சுந்தரவனத்தின் துர்காதுவானி ஓடையில் 3.75 மெகாவாட் திட்டம். மதிப்பீடு ரூ.238 கோடி. இரண்டும் கைவிடப்பட்டன. காரணம் மீன் அல்ல, பணம்!

கட்ச் வளைகுடாவில்தான் நாட்டின் முதல் கடல் தேசியப் பூங்கா 1982-ல் ஏற்படுத்தப்பட்டது. பவளப்பாறையும் அலையாத்திக் காடும் அங்கே உண்டு. எந்திரத்தின் விலை நாளைக்கே குறையலாம். அப்போது இந்தத் திட்டங்கள் மறுபடி மேஜைக்கு வரும்.

எதை எண்ண வேண்டும்?

எந்தெந்த மீன் எந்த மாதத்தில் முட்டையிட உள்ளே வருகிறது? சேற்றுத் திட்டில் எத்தனை பறவை இரை தேடுகிறது? தண்ணீரில் உப்பு எவ்வளவு? வண்டல் எங்கே படிகிறது? அந்தக் கரையில் வலை போடுகிறவர்களுக்கு மீன்பாடு என்ன? இவ்வளவையும் முதலில் எழுதி வைக்க வேண்டும்.

ஒரு வருடம் எண்ணினால் போதாது. ஒரு வருடம் மீன் கொட்டும். மறு வருடம் வலை காயும். பல வருடம் எண்ணினால்தான் சராசரி தெரியும். திட்டம் வராத பக்கத்துக் கழி ஒன்றையும் கூடவே எண்ண வேண்டும். இரண்டிலும் மீன் குறைந்தால் குற்றம் அணை மேல் இல்லை. ஒன்றில் மட்டும் குறைந்தால் அணைதான் பதில் சொல்ல வேண்டும்.

சேதம் எந்த அளவைத் தாண்டினால் எந்திரத்தை நிறுத்துவது என்பதையும் முன்கூட்டியே எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். கட்டி முடித்த பிறகு பேசினால், போட்ட முதலைக் காட்டி வாயை அடைத்துவிடுவார்கள்.

எண்ணுவதற்கு ஆகும் செலவு, அணைச் செலவில் ஒரு ஓரம். எண்ணாமல் விட்டால் வரும் நஷ்டம் முதலில் போய் விழுவது மின்சாரக் கம்பெனி மேல் அல்ல. கரையில் வலையோடு நிற்கிறவன் தலையில்!