ஒட்டுவதா, மாற்றுவதா?

மாதக் கடைசி, வியாழக்கிழமை, இரவு ஒன்பது மணி. டியூட்டி முடிந்து யஷ்வந்தபுரத்தில் வெளியே வருகிறேன். தும்கூர் ரோட்டில் ஒருவர் மோட்டார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வருகிறார். கிட்டே வந்ததும்தான் அடையாளம் தெரிந்தது. ஸ்ரீராமபுரத்தில் எங்கள் தெருக்காரர். பீனியாவில் லேத் வேலை. சொந்த ஊர் திருப்பத்தூர்ப் பக்கம்.

"பின் சக்கரம் பஞ்சர் அண்ணே. ஞாயிற்றுக்கிழமை ஊரில் தங்கைக்கு வளைகாப்பு. நான், சம்சாரம், குழந்தை மூன்று பேரும் இதில்தான் போக வேண்டும்" என்றார்.

பஞ்சர் கடைக்காரர் சோப்புத் தண்ணீர் ஊற்றிப் பார்த்து ஆணியைக் காட்டினார். "ஒட்டினால் 150 ரூபாய். ஆனால் டயர் தேய்ந்துவிட்டது. புதுசு போடுவது நல்லது. 2,000 ரூபாய்க்கு மேல் ஆகும்" என்றார். நம்மவர் என் காதோரம், "வியாபாரம் பேசுகிறார் அண்ணே. 150-ஓடு முடித்துக்கொள்வோம்" என்றார்.

அவருடைய சந்தேகத்தைக் குறை சொல்ல முடியாது. இதே பெங்களூரில் வெளிவட்டச் சாலையில், பொறியாளர் ஒருவர் 2010-களில் தினமும் வேலைக்குப் போகும் வழியில் காந்தம் கட்டிய கழியால் கிலோக் கணக்கில் ஆணி பொறுக்கியது பத்திரிகைகளில் வந்த செய்தி. எனக்கே ஓர் அனுபவம் உண்டு. வாங்கிச் சில மாதமே ஆன டயரில் ஆணி ஏறியபோது, ஒரு கடையில் "டயரை மாற்று" என்றார்கள். வேறு கடையில் உள்பக்கமாக ஒட்டிக்கொண்டேன். இன்றுவரை காற்று இறங்கவில்லை.

அப்படியானால் கடைக்காரர் சொல்வது மெய்யா, பொய்யா என்று எப்படித் தெரிந்துகொள்வது? டயரைத்தான் கேட்க வேண்டும். அதற்கு மூன்று கேள்விகள் போதும்.

முதல் கேள்வி, ஓட்டை எங்கே? தரையில் படும் பட்டைப் பகுதியில், ஆணி அளவில், 6 மில்லிமீட்டருக்குள் இருந்தால் ஒட்டலாம். பக்கச் சுவரில் இருந்தால் ஒட்டக்கூடாது. வண்டி ஓடும்போது மடங்கி விரியும் இடம் அது, ஒட்டு நிற்காது. நீளமாகக் கிழிந்திருந்தாலும், உள்ளே நூல் தெரிந்தாலும் அந்த டயருக்கு விடை கொடுத்துவிட வேண்டியதுதான்.

இரண்டாவது, ரப்பர் எவ்வளவு மீதி? டயரின் பள்ளங்களுக்குள் சின்னச் சின்ன மேடுகள் இருக்கும். பட்டை தேய்ந்து அந்த மேட்டுக்குச் சமமாகிவிட்டால் ஆயுள் முடிந்தது. இரு சக்கர வண்டிக்குப் பள்ளத்தின் ஆழம் 0.8 மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாது என்பது 1989-ஆம் ஆண்டின் மோட்டார் வாகன விதி. மழைத் தண்ணீரை ஒதுக்கித் தள்ளுவது அந்தப் பள்ளம்தான். அது இல்லாவிட்டால் ஈர ரோட்டில் சக்கரம் வழுக்கும்.

மூன்றாவது, வயது என்ன? டயரின் பக்கத்தில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டு 23-வது வாரத்தில் செய்தது. வெயிலில் நின்று ஓரமெல்லாம் வெடிப்பு விட்டிருந்தால், பட்டை தேயாவிட்டாலும் நம்பக்கூடாது.

நிற்க. டியூப் இல்லாத டயரில் வெளியிலிருந்து ரப்பர்த் திரியைச் செருகுவது அவசரத்துக்கு மட்டுமே. டயரைக் கழற்றி, உள்பக்கம் காளான் வடிவ ஒட்டு வைப்பதே உறுதி. ஆணி ஏறியது தெரிந்தால் கடைக்குப் போகும்வரை அதைப் பிடுங்க வேண்டாம். காற்று மெல்லத்தான் இறங்கும். டியூப் உள்ள டயரானால் சட்டென்று இறங்கிவிடும். அதன்மேல் உட்கார்ந்து ஓட்டினால் டியூபும் டயரும் சேர்ந்தே வீணாகும்.

இப்போது நம்மவர் கதைக்கு வருவோம். சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தோம். ஓட்டை நடுவில்தான், சிறியதுதான். முதல் கேள்வியில் டயர் தேறிவிட்டது. ஆனால் பட்டை, மேட்டுக்குச் சமமாகத் தேய்ந்திருந்தது. ஓரத்தில் வெடிப்பும் இருந்தது. கடைக்காரர் சொன்னது உண்மைதான்.

கிருஷ்ணகிரி வழியாகத் திருப்பத்தூர் 100 கிலோமீட்டருக்கு மேல். லாரிகளுக்கு நடுவே, அந்தச் சக்கரத்தின் மேல் மனைவியும் குழந்தையும்! பையில் இருந்ததோ வளைகாப்புச் சீருக்கான பணம். அவர் பேசாமல் நின்றார்.

"தம்பி, இன்றைக்கு ஒட்டவும் வேண்டாம், வாங்கவும் வேண்டாம். வண்டியை வீட்டில் நிறுத்துங்கள். ஸ்ரீராமபுரத்திலிருந்து பீனியாவுக்கு மெட்ரோ நேராகப் போகிறது. ஊருக்கு ஜோலார்பேட்டை வரை ரயில், அங்கிருந்து பஸ். ஏழாம் தேதி சம்பளம் வந்ததும் டயர் வாங்கிக்கொள்ளலாம்" என்றேன்.

"ரயில்காரர் ரயிலைத்தானே சொல்வீர்கள்" என்று சிரித்தார். ஆனால் கேட்டுக்கொண்டார். இருவருமாக வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து வீடு சேர்ந்தோம். திங்கட்கிழமை காலை வளைகாப்பு வளையல் இரண்டு என் மகளுக்கு வந்தன. எட்டாம் தேதி ஜே.சி. ரோட்டில் புது டயர் வாங்கினார்.

நல்ல டயரைப் பயந்து எறிய வேண்டாம். ஆயுள் முடிந்த டயரை ஒட்டி 150 ரூபாயைக் கரியாக்கவும் வேண்டாம். பணம் இல்லையென்றால் வண்டி நான்கு நாள் நிற்கட்டும். நிற்கிற வண்டியால் யாருக்கும் ஆபத்தில்லை.