காவலிக் காந்தங்களில் ஆட்சிகளின் இயக்கம்

காந்தமூட்டப்படாத இரும்பினுள் அணுக்காந்தங்கள் திசைக்கொன்றாய்ச் சிதறிக் கிடக்கின்றன என்றும், புறப்புலம் வந்த பின்னரே அவை அணிவகுக்கின்றன என்றும் மாணவர் பலர் கருதுவர். உண்மை அதுவன்று. 1907 இல் பிரெஞ்சு அறிஞர் பியர் வைசு உய்த்துணர்ந்தவாறு, அவை முன்னரே அணிவகுத்துள்ளன. ஆயின் பகுதி பகுதியாகவே அணிவகுத்துள்ளன. ஒரு பகுதியிலுள்ளன யாவும் ஒருதிசை நோக்க, அயற்பகுதியிலுள்ளன வேறுதிசை நோக்கும். இப்பகுதிகளே ஆட்சிகள் எனப்படும். ஒன்றன் விளைவை மற்றொன்று ஈடுசெய்தலாற் புறத்தே காந்தம் தோன்றுவதில்லை.

ஈராட்சிகளுக்கிடையே எல்லைச்சுவர் உண்டு. அதனுள் அணுக்காந்தங்கள் ஒரு திசையினின்று மறுதிசைக்குப் படிப்படியாகத் திரும்புகின்றன. புறப்புலத்தைச் செலுத்தின், சுவர் நகரும். புலத்துக்கு இசைந்த ஆட்சி வளர, இசையாதது குறுகும். ஈண்டு அணுக்கள் இடம்பெயர்வதில்லை. அவற்றின் காந்தத்திசையே மாறுகின்றது. காற்று வீசும் வயலில் அலை செல்ல, நெற்பயிர் நின்றவிடத்தே நிற்பதை இதற்கு ஒப்பிடலாம். பளிங்கிலுள்ள குறைபாடுகள் சுவரைத் தடுக்கும். புலம் வலுக்கும்போது அது தடையைத் தாண்டிப் பாயும். இப்பாய்ச்சல்களை 1919 இல் பாக்கவுசன் கம்பிச்சுருளும் விரியலாக்கியும் கொண்டு செவிப்புலனாக்கினார். புலத்தை நீக்கிய பின்னும் சுவர்கள் தடைகளிற் சிக்கி நிற்றல், காந்தம் எஞ்சுதற்கு ஒரு காரணமாகும்.

ஆட்சிகளைக் கண்ணாற் காணல் எங்ஙனம்? 1931 இல் பிற்றர் நுண்ணிய காந்தத்தூளைத் தூவி எல்லைகளைக் காட்டினார். ஆயின் அது மேற்பரப்பை மட்டுமே காட்டிற்று. உலோகம் ஒளிபுகாதாகலின் அகம் மறைந்தே கிடந்தது.

அக்குறையை நீக்கியது ஒரு காவலி. 1956 இல் கிரெனோபில் நகரிற் பேற்றோ, போரா என்போர் இற்றியம் இரும்புக் காணெற்றின் காந்தத்தன்மையை அறிவித்தனர். கோமேதகமும் காணெற்று இனத்ததே. இற்றியக் காணெற்றின் ஒவ்வோர் ஐந்து இரும்பயன்களிலும் மூன்று ஒருபுறமும் இரண்டு எதிர்ப்புறமும் நோக்க, ஒன்றன் காந்தமே எஞ்சும். ஆதலின் இதனைச் செம்மையாகப் பெரிக்காந்தம் என்பர். இதன் மென்தகடு செவ்வொளியை ஊடுசெல்ல விடும். முனைவாக்கிய ஒளியின் தளத்தை எதிரெதிர் ஆட்சிகள் எதிரெதிர்த் திசையிற் சுழற்றுதலின், நுணுக்குக்காட்டியில் ஒன்று ஒளிர, மற்றது இருளும். இவ்வாறு 1958 அளவில் தில்லன் பெல் ஆய்வுகூடத்தில் அகத்து ஆட்சிகளைக் கண்டார். அரைநூற்றாண்டு உய்த்துணர்வுக்குக் கண்ணே சான்றாயிற்று.

காவலிக்கு வேறொரு சிறப்பும் உண்டு. இரும்பிற் சுவர் நகருங்கால் தூண்டப்படும் சுழிப்போட்டம் அதனைப் பின்னிழுக்கும். காவலியில் அவ்வோட்டம் மிக அற்பமாதலின், விரைந்து மாறும் புலத்துக்கும் சுவர் இசைந்தியங்கும். 1967 இல் பொபெக் முதலியோர், மென்படலங்களில் நீண்டு வளைந்த ஆட்சிகளைச் செங்குத்தான புலத்தாற் சுருக்கிச் சிறு குமிழிகளாக்கி, விரும்பியவாறு நகர்த்தினர். 1970களிற் கணினி நினைவகமாகப் பயன்பட்ட அக்குமிழிகள் பின்னர் வழக்கொழிந்தன. ஆயினும், காந்தமற்றதெனத் தோன்றும் பொருளினுள்ளும் ஒழுங்கே உறைகின்றது என்னும் உண்மை அவற்றோடு ஒழிந்திலது.