ஐஸ்லாந்தில் கார் பயணமா? மேப்பை மட்டும் நம்பாதீர்கள்!

இரண்டு ஊர்களை டைப் செய்தால் தூரமும் நேரமும் உடனே வந்துவிடுகின்றன. ஐஸ்லாந்துக்கு மூன்று நாள் பயணத்தை நானும் அப்படித்தான் திட்டமிட்டேன். தலைநகர் ரெய்க்யவிக்கிலிருந்து பனிப்பாறைகள் மிதக்கும் யோகுல்சார்லோன் ஏரி சுமார் 370 கி.மீ. ஐந்து மணி நேரம் என்றது மேப். ஒரே நாளில் போய்த் திரும்பிவிடலாமே! ஆனால் போனது டிசம்பர் கடைசியில். அப்போது அங்கே பகலே நான்கு மணி நேரம்தான். மீதி ஓட்டமெல்லாம் இருட்டில், உறைந்த சாலையில்.

கிளம்புமுன் அந்நாட்டுச் சாலைத் துறையின் 'உம்ஃபெர்டின் டாட் ஐ.எஸ்' தளத்தைத் திறந்து பாருங்கள். ஆங்கிலத்திலும் உண்டு. எந்தச் சாலை மூடியிருக்கிறது, எங்கே வழுக்கும் என்று காட்டும். கேமராப் படங்களும் உண்டு. காற்றின் வேகத்தை நொடிக்கு இத்தனை மீட்டர் என்று தருவார்கள். 3.6ஆல் பெருக்கிக் கொள்ளுங்கள். 20 என்றால் மணிக்கு 72 கி.மீ.! கார் கதவைப் பிடிக்காமல் திறந்தால் காற்று மடக்கிவிடும். வாடகைக் கார் இன்சூரன்ஸில் பெரும்பாலும் இதற்குப் பணம் கிடைக்காது.

நாங்கள் பாதி வழியில் விக் என்ற ஊரில் நின்று பார்த்தபோது, அதற்கு அப்பால் 'மூடப்பட்டது' என்றிருந்தது. அங்கேயே தங்கினோம். மறுநாள் மதியம் சாலை திறந்தது. அதற்குள் விமானத்துக்குத் திரும்பும் நேரம் வந்துவிட்டது.