ஒரே பிடியில் இரு வேலை

அந்தியூர்ப் பக்கத்துத் தோட்டங்களில் களையெடுப்போர் பெரும்பாலும் ஸ்திரீகளே. குட்டைப் பிடிக் களைக்கொட்டால் பொழுதெல்லாம் குனிந்து கொத்த வேண்டும். கொத்தியதை வாரி அகற்றுவது தனி வேலை. வாராமல் விட்டாலோ, அருகு அடுத்த மழையில் மீண்டும் வேர்விடும். கோரைக் கிழங்கோ மண்ணுக்குள் பத்திரமாயிருந்து முளைக்கும்.

கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்தார் நின்றபடியே தள்ளியிழுக்கும் களைக்கருவி ஒன்றை வகுத்துள்ளனர். முன்னுள்ள முள்ளுருளை மண்ணைக் கிளறும். பின்னுள்ள அலகு களையை அறுக்கும். வாருவதுதான் பாக்கி.

ஒரே தலையில் ஒருபுறம் அலகும் மறுபுறம் பற்களும் வைத்து, நெட்டைப் பிடி பூட்டினாலென்ன? தலை கனத்தால் கை சோரும். இலேசானால் அலகு மண்ணில் இறங்காது. பற்களை நெருக்கினால் ஈரமண் அடைத்துக்கொள்ளும். இவையெல்லாம் கொல்லருக்குத் தெரிந்த சங்கடங்களே. நாம் வேண்டுவது ஒன்று: பிடியின் நீளத்திற்குக் களையெடுக்கும் பெண்ணின் உயரத்தையே அளவெடுக்கட்டும்.